முப்பத்தாறு வெட்டு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் என்று பஞ்சநாமா என்கிற சாட்சிக் காகிதத்தில் நாலு பேர் பெயர் இருக்கிறது. நைனா, அம்மா, அக்கா, நான். இல்லாதவர்களை யாரும் எழுதுவதில்லை. எழுதச் சொல்லியிருந்தால் முதலில் என் கல்லூரி சரித்திர வாத்தியாரை எழுதியிருப்பேன். அவர் இருந்திருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பார். அடுத்ததாகக் கிராம அதிகாரி வி.ஆர்.ஓ.வை. அவருக்கு நாங்கள் அன்றைக்குச் சொல்லியனுப்பவே இல்லை.

அங்கே இருந்தும் காகிதத்தில் இல்லாதவர் ஒருவர் உண்டு. என் மாமா. அம்மாவின் அண்ணன். எங்கள் தறிக்கொட்டகை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முப்பத்தாறு பழங்காசுகளை உளியால் வெட்டியவர் அவர்தான். ஆனால் வெட்டியவர் யார் என்ற இடத்தில் நைனாவின் பெயர் இருக்கிறது. அதை எழுதியது என் கை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். "எழுதத் தெரிஞ்சவன் யாரு?" என்று கேட்டால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவரை அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ரோமாபுரிக் காசுகள் அவை. மண்ணில் கிடைத்ததை ஒளித்து, வேண்டுமென்றே சிதைத்ததாக முடிவானால் நைனாவுக்கு ஒரு வருஷம் வரை ஜெயில் என்று சொன்னார்கள். மாமாவின் பெயரை அன்றைக்கு நான் எழுதவில்லை. இன்றைக்கும் எழுதப்போவதில்லை.

சித்தூரில் அவர் நகை அப்ரைசர். அடகுக்கு வருகிற நகை தங்கம்தானா, எவ்வளவு தேறும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு வெள்ளிப் பட்டறையில் சேர்ந்து, அங்கிருந்து அடகுக் கடைக்கு வந்து, கடைசியில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் உட்கார்ந்தவர். மற்றவர்கள் பேனா குத்துகிற சட்டைப் பையில் அவர் ஒரு சின்ன உளி வைத்திருப்பார். மஞ்சள் பிளானல் துணியில் சுற்றியிருக்கும்.

"மேல இருக்கறது வேஷம்டா. உள்ள இருக்கறதுதான் ஆளு" என்பார். தங்கத்துக்கு மட்டும் சொன்ன வார்த்தையில்லை. சித்தூர் வெல்ல மண்டியில் அவர் தலை தெரிந்தாலே, "வந்துட்டாருய்யா உளிக்காரரு, அச்சை உடைச்சிக் காமிங்க" என்று சத்தம் போடுவார்கள். உடைத்து, நடுவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். மண் கலந்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். துணுக்கைத் திருப்பித் தட்டில் வைத்துவிட்டு நடந்துவிடுவார். அந்த மௌனத்துக்கு மண்டிக்காரர்கள் பயந்தார்கள்.

ஒருமுறை கங்காதர நெல்லூருக்கு அவரோடு வண்டியில் போனேன். ரோட்டோரம் தர்பூசணி குவித்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இவர் மூன்று பழத்தில் முக்கோணம் போட்டுப் பார்த்துவிட்டு நாலாவதுக்குக் கை நீட்டினார்.

"யோவ், பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்டித்தான் கீறிப் பாத்தியா?" என்று கேட்டாள் அவள்.

"பாக்கல. அதான் மாட்டிகினேன்" என்றார் மாமா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாலாவதையும் கீறிவிட்டு, நாலு பழத்தையும் காசு கொடுத்து வாங்கினார். கீறிப் பார்த்ததை வாங்காமல் விடுவது அவரிடம் கிடையாது. நாலையும் என் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இன்டர், அதாவது பன்னிரண்டாவது, பாஸ் பண்ணி மார்க் மெமோவோடு நான் வந்த நாளில் தெருவே சர்க்கரை தின்றது. மாமா மட்டும் மெமோவை வாங்கி ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். சாய்த்தார், திருப்பினார், முத்திரையை நகத்தால் தடவினார். அக்கா, "இன்னா மாமா இது, கள்ள நோட்டா?" என்று கத்திவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் நிதானமாக மடித்து என் கையில் கொடுத்து, "ஒரிஜினல்" என்றார். அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல் மாதிரி ஒன்று அமையவில்லை.

அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்கு ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் வேலை, பெர்மனென்ட். யூனிபார்ம் போட்ட போட்டோ கூட அனுப்பியிருந்தார்கள். நைனா தாம்பூலம் மாற்றத் தயாராகிவிட்டார். மாமா இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, ரேணிகுண்டாவில் அந்த ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். காலையில் யூனிபார்மோடு வருகிற பையன், கேட்டுக்குள் போகாமல் சுவரோரமாக நடந்து, சினிமா கொட்டகை பக்கம் போவதை இரண்டு நாளும் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்தப் பையன் வேறிடத்தில் கல்யாணம் செய்து, அந்தப் பெண்ணின் நகையை விற்றுத் தின்றான் என்று தெரிந்த நாளில் அவளே போன் போட்டு, "மாமா, சாப்ட்டியா?" என்றாள்.

அவர் யாரையும் நம்பமாட்டார். நாங்கள் அவரை நம்பினோம். கண்ணை மூடிக்கொண்டு நம்பினோம்.

வடமாலபேட்டையில் நைனாவுக்கு நாலு பவர்லூம். கொட்டகைக்குப் பின்னால் கக்கூஸ் தொட்டிக்குக் குழி தோண்டினோம். கூலியாள் சனிக்கிழமை அரைநாளோடு போய்விட்டதால் நைனாவே கடப்பாரையைப் பிடித்தார். இடுப்பளவு ஆழத்தில் ஒரு சின்னக் கலயம் உடைந்தது. உள்ளே கரிக்கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு வட்ட வட்டமாக ஏதோ இருந்தது. அம்மா அதை பூஜைச் சாமானைப் போலப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ஒரு முகம் வந்தது. ஆண்முகம், பக்கவாட்டில், தலையில் இலை கட்டியிருந்தது. எங்கள் வீட்டுக் குழியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

முப்பத்தெட்டு காசுகள். ஐம்பது பைசா நாணயத்தின் அகலம், அதைவிடக் கனம். ஒரு பக்கம் எல்லாவற்றிலும் ஆண் தலை. மறுபக்கம் இரண்டு வகை. பாதியில், நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து ஒரு கையில் நீளக் கோலும் மறு கையில் ஒரு கிளையும் பிடித்திருந்தாள். மீதியில், இரண்டு பையன்கள் நின்றார்கள், நடுவில் கேடயமும் ஈட்டியும்.

"கங்கம்மாடா" என்றாள் அம்மா. "வேப்பங்கொத்து வெச்சிகினு இருக்கா பாரு." உடனே உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்தாள்.

"இந்த ரெண்டு பேரு?" என்றாள் அக்கா.

"லவன் குசன். வேற யாரு?"

நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுத்து எல்லாம் இங்கிலீஷ் எழுத்து மாதிரியே இருந்தது. "சீசர்னு இருக்குது நைனா. ரோம்."

"ரோம்காரன் வடமாலபேட்டைக்கு இன்னாத்துக்கு வந்தான்?"

"துணி வாங்க வந்திருப்பான் நைனா. அப்ப நம்ம பக்கத்துத் துணிக்கு அங்க மவுசுன்னு வாத்தியார் சொன்னாரு."

"அப்பவே வெள்ளியில குடுத்துட்டுப் போயிருக்கான் பாரு. நம்மகிட்ட வர்றவன் செக்கு குடுக்கறான், அதுவும் திரும்பி வருது."

எல்லாரும் சிரித்தோம். இதைக் கவர்மெண்டுக்குச் சொல்லவேண்டும் என்றேன். நைனா மறுக்கவில்லை. "சொல்லலாம். ஆனா பொம்மக் காசா இருந்து, நாம போய்ப் பொதையல்னு நின்னா ஊரே சிரிக்கும். உன் படிப்பையும் சேத்துச் சிரிப்பாங்க. உன் மாமன் பாத்துச் சொல்லட்டும். நெஜம்னா நாளைக்கே வி.ஆர்.ஓ. கிட்ட போவலாம்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மாமாவுக்குப் போன் போட்டவனே நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். காப்பி கூடக் குடிக்கவில்லை. காசுகளை வரிசையாக வைத்தார். படத்தை ஒருமுறை கூடப் பார்க்கவில்லை. கல்லில் உரசினார், திராவகம் ஒரு சொட்டு விட்டார், துடைத்தார்.

"மேல வெள்ளிதான். அத கண்ணு இருக்கறவன் எவனும் சொல்லுவான். ஆனா இங்கிலீஷ் எழுத்துப் போட்டுட்டு, பொதையல்ன்றான். போலின்றதுக்கு வேற இன்னா வேணும்?" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பிளானல் துணியை எடுத்தார்.

"மாமா, வெட்டணுமா?" என்றேன்.

"உன் மெமோவத் தூக்கிப் பாத்தப்ப அழுதியே. பாத்ததால உனக்கு இன்னா கொறஞ்சி போச்சு? இடுக்கியால கெட்டியா புடி."

பிடித்தேன். உடைந்த தறிச் சக்கரத்தின் ஒரு துண்டு அடியில் இருந்தது. உளியை வைத்தபோது பெண் உட்கார்ந்திருந்த பக்கம் மேலே இருந்தது. அம்மா அலறிவிட்டாள்.

"ண்ணா! கங்கம்மா மேலயா? கை அழுகிப் போயிடும் ண்ணா!"

மாமா கையை எடுத்தார். சாமி விஷயத்தில் தங்கையோடு அவர் வாதாடுவதில்லை. "சரி, ஆம்பள பக்கம் திருப்பு" என்றார்.

திருப்பினேன். கன்னத்தில் வைத்து ஒரு தட்டு. தட்டிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, பெரிய சத்தம் கூட இல்லை. வெட்டு வாயை விரித்துப் பார்த்தார். சிவப்பு. உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு.

நைனா முகம் தொங்கிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. சீசர் ரோம் என்றெல்லாம் பேசியிருந்தேன். அத்தோடு மாமா எழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எல்லாம் போலியா மச்சான்?" என்றார் நைனா.

"அப்டி சொல்லக் கூடாது மாப்ள. ஒண்ணு பொய்னா மீதியும் பொய்யின்னு ஆவாது. அடகுக்கு வர்ற ஒரு அம்மாவோட சங்கிலி கெட்டதுன்னு அந்தம்மா வளையலையும் திருப்பி அனுப்புனா பாவம். தனித்தனியாத்தான் பாக்கணும்."

அவர் தொழிலின் நேர்மை அது. அந்த நேர்மையோடு அடுத்த காசை எடுத்தார். வெட்டினார். "வெள்ளி" என்றார். அம்மா கையைக் கூப்பினாள். அடுத்தது. "வெள்ளி." அக்கா எண்ணத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு வெட்டுக்கும் எங்களுக்குச் சந்தோஷம் கூடியது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. பையன்கள் இருந்த காசு வந்தபோதும் அம்மா, "புள்ளைங்க மேல வேணாம் ண்ணா" என்றாள். அதையும் தலைப் பக்கமாகவே திருப்பிக் கொடுத்தேன்.

நடுவில் ஒரு காசை எடுத்தவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் பூதக் கண்ணாடியைச் சொருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்தார்.

"இங்க பாரு. ஏற்கெனவே வெட்டு இருக்குது. உள்ளயும் கருத்துப் போயிருக்குது. பழைய வெட்டு. நம்ம ஆளு ஒருத்தன், இந்தக் காச வாங்கறப்ப நம்பாம வெட்டிப் பாத்துருக்கான்."

அவர் சிரித்ததை நான் பார்த்தது குறைவு. அப்போது சிரித்தார், ஊர்க்காரனை வெளியூரில் பார்த்த மாதிரி. அப்படி இரண்டு காசு இருந்தன. "இதுல வேலை முடிஞ்சிது" என்று அவை இரண்டையும் தனியாக ஒதுக்கினார். மீதி முப்பத்தாறும் முடிய அரைமணி ஆகியிருக்காது. முதல் காசைத் தவிர எல்லாம் வெள்ளி.

"கொண்டு போய்க் குடு. தைரியமா சொல்லு, நான் பொறுப்பு" என்றார். அம்மா கேசரி செய்தாள். சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் சித்தூர் போய்விட்டார்.

திங்கட்கிழமை கல்லூரியில் வாத்தியாரிடம் செல்போனில் போட்டோ காட்டினேன். முதல் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது படம் தள்ளியபோது அந்த மலர்ச்சி அப்படியே நின்றுபோனது.

"இந்த வெட்டு?"

"டெஸ்ட் பண்ணோம் சார். ஒண்ணுதான் செம்பு. மீதி எல்லாம் ஒரிஜினல்."

வாத்தியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்தச் செம்புக் காசும் அந்தக் காலத்துக் கள்ளக் காசாகவே இருக்கலாம், அதற்கும் மதிப்பு உண்டு என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "ரெண்டாயிரம் வருஷம் மண்ணு பத்திரமா வெச்சிருந்ததுப்பா" என்றார். அவர் திட்டியிருக்கலாம். சாயந்திரத்துக்குள் வி.ஆர்.ஓ.விடம் ஒப்படைத்துவிடு என்று மட்டும் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியாது.

வி.ஆர்.ஓ. வந்தார். காசுகளைத் தாம்பாளத்தில் கொட்டிப் பார்த்தார். "ஈ நாணேலு எவரு நரிகாரய்யா?" என்றார். யார் வெட்டியது?

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா, "நேனே சார்" என்று, தான்தான் வெட்டியதாகச் சொல்லிவிட்டார்.

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வி.ஆர்.ஓ. பஞ்சநாமா காகிதத்தை என் பக்கம் தள்ளி, "ராய்", எழுது, என்றார். தெலுங்கில் எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

அவர் போன பிறகு, "ஏன் நைனா?" என்று கேட்டேன்.

"அவன் பேரு போலீஸ்ல வந்தா அப்புறம் எவன் அவன் கையில தங்கத்தக் குடுப்பான்? என் தறிக்கு இன்னாடா, நான் எங்க போய்ட்டு வந்தாலும் ஓடும்."

"ஜெயில் நைனா."

"எழுதிட்ட இல்ல? வாய மூடு."

மாமாவிடம் மறைக்க முடியவில்லை. அம்மா போனில் அழுதுவிட்டாள். மாமா திருப்பதியில் காசுகளைப் பரிசோதிக்கிற நாளில் மட்டும் தானும் வருகிறேன் என்றாராம். எனக்குப் பயமாகிவிட்டது. அவரால் ஒரு பொய்யைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா என்று அத்தையிடம் கேட்டேன்.

அத்தை சிரித்தாள். "இருப்பாருடா. ஒருவாட்டி இருந்துருக்காரு." கல்யாணம் ஆன புதிதில், அவள் குளிக்கக் கழற்றி வைத்த, பிறந்த வீட்டார் போட்ட தாலிப் பொட்டின் பின்பக்கத்தை அரம் போட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே செம்பு. மாமனார் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாலு மாசச் சம்பளத்தில் அதே மாதிரி அசல் தங்கத்தில் செய்து, அவளுக்கும் சொல்லாமல் மாற்றிக் கோர்த்துவிட்டார். கழுத்தில் கனம் வித்தியாசப்பட்டதில் அவளாகக் கண்டுபிடித்தாள். "எங்கப்பன் சாவற வரைக்கும் அவருக்கு மரியாத கொறையல. ஆனா அரம் போட்டாரு பாரு, அத நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன்."

அந்தப் பேச்சை நம்பித்தான் அவரையும் திருப்பதிக்குக் கூட்டிப் போனோம்.

திருப்பதியில் தொல்லியல் ஆபீஸில் ஒரு மேடம் இருந்தார். காசு பார்க்கிறதில் கைதேர்ந்தவர். கறுப்புத் துணியில் முப்பத்தெட்டையும் பரப்பி வைத்திருந்தார். நைனா, அம்மா, நான், எங்களுக்குப் பின்னால் சுவரோரம் மாமா. கூட வந்தவர் என்று சொன்னோம்.

"நீங்கதானே வெட்டினது? எப்படின்னு காட்டுங்க" என்று நைனாவிடம் ஒரு பென்சிலைக் கொடுத்தார் மேடம்.

நைனா பென்சிலை ஊசி பிடிப்பதுபோல நுனியில் பிடித்தார். "இப்டி வெச்சிகினு, மேடம்... இப்டி ஒரு போடு."

மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். நைனா பிடியை மாற்றினார். அதுவும் தப்பு என்று எனக்கே தெரிந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"மேடம், இந்தாளு பொய் சொல்றாரு."

சொன்னது மாமா. நைனா திரும்பிப் பல்லைக் கடித்தார். "மச்சான், நீ சும்மா இரு. மேடம், அவன் கூட வந்தவன், ஒண்ணும் தெரியாது."

"எனக்கா ஒண்ணும் தெரியாது?" மாமா மேஜைக்கு வந்துவிட்டார். "இவரு வெட்டியிருந்தா காசு ரெண்டு துண்டாப் போயிருக்கும். ஒவ்வொண்ணா பாருங்க மேடம். ஒண்ணு கூடப் பாதி கனத்துக்கு மேல எறங்கல. முப்பத்தாறும் ஒரே ஆழம். அழிக்கறவன் இப்டி வெட்டமாட்டான், உருக்கறவனுக்கு வெட்டவே தேவையில்ல. இது சோதிக்கறவன் வெட்டு. என் வெட்டு."

நைனாவின் கையிலிருந்து பென்சில் உருண்டு கீழே விழுந்தது. மாமாவின் குரலில் பயம் இருந்தது. பயத்துக்குள்ளேயே ஒரு கர்வமும் இருந்தது. நான் எழுதிய பொய்யை அவர் என் கண் முன்னால் வெட்டிப் பிளந்துவிட்டார் என்று மட்டும் எனக்கு உறைத்தது.

மேடம் கோபப்படவில்லை. லென்ஸை எடுத்து ஒவ்வொரு வெட்டாகப் பார்த்தார். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பிறகு, "ஆமாம்" என்றார். "ஆனா எல்லாம் தலைப் பக்கமே ஏன்?"

மாமா அம்மாவைக் காட்டினார்.

"அந்தப் பக்கம் கங்கம்மா உக்காந்துகினு இருக்காளே" என்றாள் அம்மா. "இன்னொண்ணுல புள்ளைங்க நிக்கறாங்க. அவங்க மேல எப்டி வெட்ட விடறது?"

மேடத்தின் பேனா நின்றது. பழைய வெட்டு விழுந்த இரண்டு காசையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவற்றிலும் வெட்டு தலைப் பக்கம்தான். "நம்ம நாட்டுல கிடைக்கிற ரோமன் காசுல இந்த மாதிரி வெட்டு நிறைய பாத்திருக்கேன்மா. ராஜா மேல கோபம்னு சிலர் சொல்வாங்க, சோதனைன்னு சிலர் சொல்வாங்க. இப்படி ஒரு காரணத்த யாரும் எனக்குச் சொன்னதில்ல." அதைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

மாமா முதல்முறையாகக் காசின் படத்தைக் குனிந்து பார்த்தார். "இந்தப் பசங்க யாரு மேடம்?"

"இந்தத் தலையில இருக்கற ராஜாவோட பேரனுங்க. தனக்கு அப்புறம் இவங்கதான்னு ஊருக்கெல்லாம் தெரியறதுக்குக் காசுல போட்டான். கேடயம், ஈட்டி எல்லாம் அந்த அடையாளம்தான். பாவம், ரெண்டு பேருமே தாத்தாவுக்கு முன்னாடி செத்துட்டாங்க."

"செத்துட்டாங்களா?"

"சின்ன வயசுலயே."

மாமா ஒரு காசைத் தொடாமல் அதன் மேல் விரலை வைத்துக் காட்டினார். "செத்தப்புறமும் இந்தக் காசு செல்லுச்சா?"

"இங்க வரைக்கும் வந்துருக்கே."

அவர் முகத்தில் அப்படி ஓர் அதிர்ச்சியை நான் பார்த்ததில்லை. உள்ளே அசல் வெள்ளி, மேலே நடக்காமல் போன ஒரு பேச்சு. அப்படி ஒரு பொருளை அவர் கையில் யாரும் அதுவரை கொடுத்ததில்லை போலிருக்கிறது. "நான் பாக்கவே இல்லயே" என்றார். எங்களிடம் சொல்லவில்லை. "முப்பத்தாறு தபா கையில எடுத்தேன். ஒரு தபா பாக்கலயே."

பிறகு வாக்குமூலத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

அழிக்கும் நோக்கமில்லை, சோதனை வெட்டு என்று மேடம் எழுதிய அறிக்கைதான் நைனாவைக் காப்பாற்றியது. ஜெயில் இல்லை. உடனே தெரிவிக்காததற்கும் சேதத்துக்கும் இரண்டு பேருக்கும் அபராதம் என்று கோர்ட்டில் முடிந்தது. ஆனால் அந்தக் காகிதங்களில் மாமாவின் பெயர் வந்துவிட்டது. வழக்கு முடிவதற்குள்ளேயே பைனான்ஸ் கம்பெனியில் கூப்பிட்டு, வழக்கு உள்ள ஆளை நகைமேல் உட்காரவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சித்தூரில் வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு அத்தையோடு ஓசூர் பக்கம் போய்விட்டார். அங்கே ஒரு கிடங்கில் கேட் பார்க்கிறார் என்று கேள்வி.

கோர்ட்டில் பணம் கட்டிய அன்று பஸ் ஸ்டாண்டில் அவரைச் சித்தூர் பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, "போய்ட்டு வரேன் மாப்ள. என்னப் பாத்துகினு நிக்காத, வெயிலு" என்றார். நைனா நகரவில்லை. பஸ் திரும்பி மறைந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

"மொத்தம் எவ்ளோடா ஆச்சு?" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து கூட்டினேன். அபராதம் ஆளுக்கு இரண்டாயிரம். வக்கீலுக்கு ஆறாயிரம். ஜெராக்ஸ், பஸ், டீ எல்லாம் ஆயிரத்து நானூறு.

"பதினோராயிரத்து நானூறு நைனா."

"உன் மாமன் வேலையப் போட்டியா?"

"அதுக்கு எவ்ளோன்னு போடறது?"

நைனா என் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணினார். பட்டறை, அடகுக் கடை, கம்பெனி.

"போடு" என்றார். "ரூபா பதினோராயிரத்து நானூறு. கீழ, வருஷம் இருபத்தாறு."